வாசகர் கேள்வி – பதில்: மதியம் ஒரு மணிக்கு டாக்கேரியாவில்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பெரும்பாலான மதியங்களில் தெருமுனையில் இருந்த ஒரு சிறிய மெக்சிகோ உணவகத்தில்தான் நானும் என் மனைவியும் சாப்பிட்டோம் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மாங்கூழ் ஆலைகளின் கொள்முதல் விலையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியதற்கு நான்கு கடிதங்கள் வந்தன. அந்த ஒரு வரிக்கு ஒரு பை நிறைய வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே விட்டுவிட்டேன்.

‘டாக்கேரியா’ என்று எழுதியிருந்தீர்களே, அது என்ன மாதிரியான கடை? நம் ஊர் ஓட்டலைப் போலவா, பெரிய ரெஸ்டாரண்ட் போலவா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

நம் ஊர் மெஸ்ஸைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்கோ விற்கிற கடை டாக்கேரியா. பெயரில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் போன கடையில் எட்டு மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் குவாதலூப்பே மாதாவின் படம், அதற்குப் பக்கத்தில் ஓயாமல் கால்பந்து ஓடும் ஒரு தொலைக்காட்சி. கௌண்டரில் நின்று சொல்லிப் பணம் கட்டினால் ஒரு சீட்டு தருவார்கள். பிறகு உங்கள் எண்ணை ஸ்பானிய மொழியில் கூவுவார்கள். முதல் நாள் எங்கள் எண் 62. ‘செசென்தா இ தோஸ்’ என்று மூன்று முறை கூவியும் அது நாங்கள்தான் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பக்கத்து மேசையில் இருந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் எங்கள் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் தாமே போய்த் தட்டை வாங்கிவந்து வைத்தார்.

டாக்கோ என்று தட்டில் வருவது உள்ளங்கையை விடச் சற்றே பெரிய மக்காச்சோள ரொட்டி. அதன்மேல் ஒரு கைப்பிடி இறைச்சியோ பயறோ. ‘கோன் தோதோ’, அதாவது ‘எல்லாம் போட்டு’ என்று சொன்னால் பொடியாக நறுக்கிய வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் மேலே தூவப்பட்டிருக்கும். ஓரத்தில் எலுமிச்சைத் துண்டும் முள்ளங்கி வில்லைகளும் இருக்கும். சல்சாக்கள் தனி மேடையில் கிண்ணங்களில் இருக்கின்றன. வேண்டியதை வேண்டிய அளவு நீங்களே ஊற்றிக்கொள்ளலாம். முள்கரண்டி கேட்டால் தருவார்கள், ஆனால் யாரும் கேட்பதில்லை. ரொட்டியை மடித்து, டாக்கோவைச் சாய்க்காமல் தலையைச் சாய்த்துக் கடிக்க வேண்டும். இல்லையென்றால் பாதி உங்கள் சட்டையில் இருக்கும். எனக்கு முதல் வாரம் முழுவதும் சட்டையில்தான் இருந்தது.

ஒரு டாக்கேரியா நல்லதா என்று அறிய மெனுப் பலகையின் நீளத்தைப் பார்க்காதீர்கள். ரொட்டியை அங்கேயே தட்டிச் சுடுகிறார்களா, சல்சா இன்று அரைத்ததா என்ற இரண்டு மட்டும் போதும். மெக்சிகோ நகரில் 1968 முதல் இயங்கிவரும் ‘எல் கலீஃபா தெ லியோன்’ என்ற கடைக்கு 2024-இல், சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. அங்கே நின்றுகொண்டே சாப்பிடும் அளவுக்குத்தான் இடம், டாக்கோ வகைகளும் நான்கே நான்கு.

அந்த ரொட்டிக்கான மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைப்பார்கள் என்று என் பேரன் சொல்கிறான். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பா? அது வயிற்றுக்கு ஆகுமா, ஐயா?
— வாசகி, பென்னாகரம்

உங்கள் பேரன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், அம்மா. வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான் என்பதால் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

மக்காச்சோளம் பிறந்த இடம் தெற்கு மெக்சிகோ. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு காட்டுப்புல்லிலிருந்து அதை வளர்த்தெடுத்தார்கள். அந்த மக்கள் மக்காச்சோளத்தை அப்படியே அரைத்து மாவாக்குவதில்லை. முழு மணிகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, அடுப்பை அணைத்து, இரவு முழுவதும் அந்தத் தண்ணீரிலேயே ஊறவிடுகிறார்கள். காலையில் தண்ணீர் மஞ்சளித்து, மணியின் மேல்தோல் வழுவழுவென்று கழன்றிருக்கும். அதைக் கைகளால் தேய்த்துக் கழுவிவிட்டு ஈரத்தோடு அரைத்தால் கிடைப்பது ‘மாசா’ என்ற மாவு. இப்படி ஊறிய மணிக்கு நாவாட்டில் என்ற மெக்சிகோப் பழங்குடி மொழியில் வந்த பெயர் ‘நிஷ்தமால்’. அரைப்பதற்கு அவர்கள் பயன்படுத்திய ‘மெதாத்தே’ என்ற கல்லைப் பார்த்தால் அம்மியையும் குழவியையும் யாரோ நம் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நினைப்பீர்கள். மூன்று கால் வைத்து, சற்றுச் சரிவாக இருக்கும் என்பது ஒன்றே வேறுபாடு.

சுண்ணாம்பு எதற்கு என்றால், முதல் காரணம் மாவு சேர்வதற்கு. வெறும் மக்காச்சோள மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தட்டிப் பாருங்கள், ஓரமெல்லாம் வெடித்து உதிரும். கோதுமையில் உள்ள பசை அதில் கிடையாது. சுண்ணாம்பு மணியின் தோலில் உள்ள நாரைக் கரைத்துப் பிசினாக்கிவிடுவதால் மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது. கேழ்வரகு ரொட்டிக்கு நாம் கொதிநீர் ஊற்றிப் பிசைகிற அதே இக்கட்டுக்கு அவர்கள் கண்ட வழி இது.

இரண்டாவது காரணம் உயிர் காக்கும் காரணம். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி3 உயிர்ச்சத்து இருந்தாலும், அது நம் குடலால் பிரித்தெடுக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. ஸ்பானியர்கள் மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனபோது விதையைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அதன் பலனாக, மக்காச்சோளமே முழு உணவாகிப்போன இத்தாலியின் ஏழை உழவர்களுக்குத் தோல் தடித்து வெடித்து, வயிறு கழிந்து, புத்தி பேதலிக்கும் ‘பெல்லாக்ரா’ நோய் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அது ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கிருமியால் வருவதல்ல, உணவுக் குறையால் வருவது என்று ஜோசஃப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் 1910-களில் நிறுவியும் பலர் நம்பவில்லை. 1937-இல்தான் குறையும் சத்து நியாசின் என்று உறுதியாயிற்று. தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்களிடமும் இந்நோய் இருந்ததை ஹைதராபாத் ஆய்வாளர்கள் 1960-களில் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே, வயிற்றுக்கு ஆகுமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். அந்த மக்களைப் பொறுத்தவரை சுண்ணாம்பு இல்லாவிட்டால்தான் ஆகாது. மணியைக் கழுவிய பிறகு ரொட்டியில் தங்குவது மிகச் சிறிதளவே. அதுவும் கால்சியமாக உடம்பில் சேர்கிறது. உங்களுக்கும் எனக்கும் அந்த வேலையைக் களி உருண்டை செய்துவிடுகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பும் இதுவும் பொருளால் ஒன்றுதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. உங்கள் சுருக்குப்பையில் இருக்கும் டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தால் வருகிற அந்த ஈரச் சுவர் வாசனை, டாக்கேரியாவின் சமையலறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எனக்கு வந்தது.

ஒரு டாக்கோவுக்கு ஏன் இரண்டு ரொட்டி வைக்கிறார்கள்?
— பள்ளி மாணவர், தேன்கனிக்கோட்டை

ஒன்று நனைந்து கிழிந்தாலும் மற்றொன்று தாங்குவதற்கு, தம்பி. பசி அதிகமாக இருப்பவர்கள், மேலிருந்து சிந்தியதைக் கீழ்ரொட்டியில் அள்ளி இன்னொரு டாக்கோவாக ஆக்கிக்கொள்வார்கள். காசு ஒன்றுக்குத்தான்.

என் மகன் டெக்சஸில் இருக்கிறான். வருகிற மாதம் போகிறேன். நான் சுத்த சைவம். “அம்மா, டாக்கோ கடையில் பீன்ஸும் சோறும் இருக்கிறது, கவலைப்படாதே” என்கிறான். நம்பிப் போகலாமா?
— வாசகி, தருமபுரி

மகனை நம்பலாம், பீன்ஸை விசாரிக்காமல் நம்பாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாங்கள் அங்கிருந்தபோது புரட்டாசி பிறந்தது. என் மனைவி புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒரு பொழுது இருப்பவர். மூன்று சனிக்கிழமைகள் பீன்ஸ் டாக்கோ இரண்டும் சிவப்புச் சோறும் சாப்பிட்டு, “நம் மொச்சைக் கடைசல் மாதிரியே இருக்கிறது, என்ன தாளித்தார்களோ, என்ன மணம்!” என்று வியந்துகொண்டே இருந்தார். நான்காவது சனிக்கிழமை, கூட வந்த மருமகன் கௌண்டரில் கேட்டபோதுதான் அந்த மணம் பன்றிக் கொழுப்பின் மணம் என்று தெரிந்தது. கடைக்காரர்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் மறைக்கவில்லை, நாங்கள் கேட்கவில்லை. மனைவி அன்று மாலை வரை பேசவில்லை. பிறகு, “தெரியாமல் செய்ததைப் பெருமாள் கணக்கில் வைக்க மாட்டார், தெரிந்தே விசாரிக்காமல் விட்ட உங்களைத்தான் வைப்பார்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவர்கள் வேகவைத்த பயற்றை மசித்துக் கொழுப்பில் வதக்குவார்கள். அந்தக் கொழுப்பு மரபாகவே பன்றியினுடையது. அதற்கு ‘மாந்தேகா’ என்று பெயர். சிவப்புச் சோற்றைப் பல கடைகளில் கோழி வேகவைத்த தண்ணீரில் சமைக்கிறார்கள். கோதுமை ரொட்டியிலும் மாந்தேகா சேர்ப்பதுண்டு. மக்காச்சோள ரொட்டியில் பொதுவாக மக்காச்சோளமும் சுண்ணாம்பும் தண்ணீருமே உண்டு, ஆகவே அதைக் கேட்டு வாங்குங்கள். ‘சின் கார்னே, சின் மாந்தேகா’ என்று சொன்னால் இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்று பொருள். ‘சின் போயோ’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறைச்சி வேண்டாம் என்றால் கோழி சாப்பிடுவீர்கள்தானே என்று அன்போடு கேட்பார்கள். மசிக்காமல் முழுதாக வேகவைத்த பயறு பல இடங்களில் கொழுப்பின்றிக் கிடைக்கும், ஆனாலும் கேளுங்கள்.

உங்களுக்கு உகந்தவை அங்கே நிறையவே உண்டு. பெரிய பச்சை மிளகாயைச் சுட்டுத் தோலுரித்துக் கீற்றாக்கிப் பாலாடைக்கட்டியோடு வைப்பார்கள். அதற்கு ‘ராஹாஸ்’ என்று பெயர். பூசணிப் பூவை வதக்கி மடித்த ரொட்டியும் உண்டு. எல்லாவற்றிலும் நான் சொல்லவேண்டியது ‘நோபாலேஸ்’. அது வேறொன்றுமில்லை, நம் சப்பாத்திக்கள்ளியின் மடல்! முள் சீவி, நறுக்கி, வதக்கினால் வெண்டைக்காய் போல் வழவழப்பும் லேசான புளிப்பும் இருக்கும். இங்கே வேலியோரத்தில் கிடந்து ஆட்டுக்காரர்கள் வாயில் வசவு வாங்குகிற அந்தச் செடியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். மெக்சிகோ நாட்டின் கொடியில் கழுகு உட்கார்ந்திருப்பதே அதன்மேல்தான். எங்கள் ஊர்க் கரடில் சப்பாத்திக்கள்ளிப் பழம் பறித்து நாக்குச் சிவக்கத் தின்றவன் நான். மடலையும் தின்னலாம் என்று யாரும் சொல்லவில்லை.

இறைச்சி வாட்டிய அதே கல்லில்தான் உங்கள் ரொட்டியையும் சுடுவார்கள். அதை ஏற்க மனம் இடம் கொடுக்காவிட்டால், மகனையே வீட்டில் சுடச் சொல்லுங்கள்.

மாட்டுக்கறி, பன்றிக்கறி சாப்பிடாதவன் நான். எனக்கு அங்கே என்ன இருக்கிறது? ஆட்டுக்கறி உண்டா?
— வாசகர், கிருஷ்ணகிரி

உண்டு. ஹலிஸ்கோ மாநிலத்தில் ‘பிர்ரியா’ என்று ஒரு குழம்பு செய்கிறார்கள். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, சீரகம், பட்டை, கிராம்பு சேர்த்து, வெள்ளாட்டு இறைச்சியை எலும்பு கழலும் வரை வேகவைப்பது அது. அந்தக் குழம்பை ஒரு கிண்ணத்தில் தனியாகத் தந்து, இறைச்சியை ரொட்டியில் வைத்துத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் கொதிப்பதற்கும் அதற்கும் உள்ள தூரம், நாம் வறுத்து அரைக்கிற தேங்காயும் மல்லியும் மட்டுமே. ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவில் பல கடைகள் இன்று பிர்ரியாவை மாட்டிறைச்சியில் செய்கின்றன. ‘சீவோ’ என்றால் வெள்ளாடு, ‘ரெஸ்’ என்றால் மாடு என்ற இரண்டு சொற்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

ரவுண்டானாப் பக்கம் சாயங்காலம் கிளம்பும் ஷவர்மாக் கடைகளைப் பார்த்த கண்ணுக்கு டாக்கேரியாவின் ‘அல் பாஸ்தோர்’ புதிதாகத் தெரியாது. லெபனானிலிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் கொண்டுபோன அதே சுழலும் கம்பி. மெக்சிகோக்காரர்கள் ஆட்டுக்குப் பதில் பன்றியை ஏற்றி, மிளகாயும் அச்சியோத்தே விதையும் அரைத்த சிவப்பு விழுதைப் பூசி, உச்சியில் ஒரு அன்னாசியைக் குத்திவைத்தார்கள். அந்த இறைச்சிக் கோபுரத்தை ‘த்ரோம்போ’ என்கிறார்கள். பம்பரம் என்று பொருள். நீங்கள் சாப்பிட முடியாது என்றாலும், கத்தியை ஒரு சுண்டு சுண்டி அன்னாசித் துண்டைப் பறக்கவிட்டு மறுகையில் இருக்கும் டாக்கோவில் கடைக்காரர் பிடிப்பதைப் பார்ப்பதற்குக் காசு இல்லை.

சல்சா, சல்சா என்கிறார்களே, அது நம் தக்காளிச் சட்னிதானே?
— தக்காளி விவசாயி, இராயக்கோட்டை

சிவப்புச் சல்சாவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் பெரிய பிழையில்லை. தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய் மூன்றையும் வெறுங்கல்லில் கருகச் சுட்டு அரைப்பார்கள். நாம் எண்ணெயில் வதக்கித் தாளிக்கிறோம். தக்காளி என்ற காயும் ‘தொமாத்தே’ என்ற பெயரும் அவர்களிடமிருந்து உலகத்துக்குப் போனவைதான். மிளகாயும் அப்படியே, போர்த்துக்கீசியர் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். பதிலுக்கு அவர்கள் டாக்கோமேல் தூவுகிற கொத்தமல்லியும் வெங்காயமும் பிழிகிற எலுமிச்சையும் நம் பக்கத்து உலகத்திலிருந்து அங்கே போனவை.

பச்சைச் சல்சா வேறு சங்கதி. அதைத் தக்காளிக்காயில் அரைக்கிறார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் கடைக்காரம்மா உறையோடு இருந்த காய் ஒன்றைக் கையில் தந்தார். காகிதம் போன்ற அந்த உறையைப் பார்த்ததும் என்னை அறியாமல் நெற்றியில் அடித்து வெடித்துவிட்டேன். நம் சொடக்குத் தக்காளியின் பெரிய அண்ணன் அது! ‘தொமாத்தீயோ’ என்கிறார்கள். எலுமிச்சம்பழ அளவு, உரித்தால் பிசுபிசுப்பு, கடித்தால் புளிப்பு. உங்கள் தக்காளி வரப்பில் களையாக முளைப்பதும் அதே குடும்பம்தான்.

காரம் தாங்காவிட்டால் தண்ணீர் குடிக்காதீர்கள். மிளகாயின் காரப்பொருள் நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஒரு வாய் புளிப்புப் பாலேடு கேட்டுச் சாப்பிடுங்கள்.

குடிப்பதற்கு என்ன?
— வாசகர், ஊத்தங்கரை

பெரிய கண்ணாடி ஜாடிகளில் மூன்று நிறத்தில் தண்ணீர் இருக்கும். வெள்ளை, அரிசியும் பட்டையும் ஊறவைத்து அரைத்த ‘ஓர்ச்சாத்தா’. சிவப்பு, புளிச்சைக் கீரைச் செடியின் காய்ப்புல்லி இதழைக் கொதிக்கவைத்தது. பழுப்பு, புளிக் கரைசலில் சர்க்கரை போட்டது. மூன்றாவதன் பெயர் ‘தமரிந்தோ’. அரபியர் ‘இந்தியப் பேரீச்சை’ என்று வைத்த பெயர் அங்கே போய் அப்படி நிற்கிறது. தருமபுரிப் புளியில் பானகம் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது சற்றுத் தித்திப்பு மிகுந்ததாகவே படும்.

நம் மாவட்டத்தில் எங்கே கிடைக்கும், ஐயா? வீட்டில் செய்யலாமா?
— வாசகி, பாலக்கோடு

நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றில் மெனுவில் டாக்கோ என்று பார்த்து ஆசையாகக் கேட்டேன். அப்பளம் போல் நொறுங்கும் மஞ்சள் ஓட்டுக்குள் முட்டைக்கோசும் மயோனைசும் தக்காளி சாஸும் நிரப்பி வந்தது. பொரித்து விறைத்த அந்த ஓடு அமெரிக்காவில் பெருகிய வகை. உள்ளே இருந்த மயோனைசுக்கு நாடே கிடையாது. நூற்றெண்பது ரூபாய். இதற்குப் பக்கத்துக் கடையில் மூன்று செட் பரோட்டா சாப்பிட்டிருக்கலாம்.

வீட்டில் தாராளமாகச் செய்யலாம். கடையில் ‘கான்ஃப்ளவர்’ என்று விற்கிற வெள்ளைப் பொடி வெறும் மாச்சத்து, அதை வாங்காதீர்கள். நன்கு முற்றிக் காய்ந்த மக்காச்சோள மணியே வேண்டும். விதைக்கென்று மருந்து பூசி விற்பதைத் தொடக்கூடாது. தெரிந்த விவசாயியிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு கிலோ மணிக்கு மூன்று லிட்டர் தண்ணீரும், பத்து கிராம் உண்பதற்குரிய சுத்தமான சுண்ணாம்பும் போதும். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். அலுமினியப் பாத்திரம் அரித்துப்போகும், எவர்சில்வர் வையுங்கள். முக்கால் மணி நேரம் வேகவிட்டு, இரவு ஊறவைத்து, காலையில் மூன்று நான்கு தண்ணீரில் தோல் போகத் தேய்த்துக் கழுவி, கிரைண்டரில் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் கையை நெடுநேரம் வைக்காதீர்கள், எரியும்.

என் மனைவி பொங்கலுக்கு மறுநாள் செய்து பார்த்தார். எலுமிச்சை அளவு உருட்டி, இரண்டு பால் கவருக்கு நடுவே வைத்து, அடிகனமான தட்டால் ஓங்கி அழுத்தினார். முதல் ரொட்டி கவரோடு ஒட்டிக் கிழிந்தது, மாவு இளகல். இரண்டாவதன் ஓரம் வெடித்தது, மாவு காய்ந்துவிட்டது. ஈரக்கையால் பிசைந்து மூன்றாவதைத் தோசைக்கல்லில் போட்டு, இரண்டு முறை திருப்பி, நடுவில் துணியால் லேசாக அழுத்தியதும் பூரி போல் உப்பி எழுந்தது. உள்ளே வைப்பதற்கு வேறு ஒன்றும் தயாராக இல்லாததால், முந்தின நாள் கொள்ளுக் கடைசலைச் சுண்டவைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சை பிழிந்து மடித்துக் கொடுத்தார். பதினோரு ரொட்டி வந்தது; நான் ஆறு சாப்பிட்டேன்.